அரை நூல் இடைவெளி

கதவின் விளிம்பைச் சரிபார்ப்பது போல என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பலகையின் நீளத்தை ஓட்டிப் பார்ப்பது அவர் தினமும் செய்வதுதான். ஆனால் அதற்கு ஒரு நொடி போதும். அன்று ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்து வெகுநேரம் அப்படியே நின்றார். நான் பட்டறையின் மறு கோடியில் ஒரு நாற்காலிக் காலுக்குப் பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. அவர் பார்ப்பது கதவை இல்லை, அடுத்த மூச்சு வருகிறதா என்றுதான் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதனால் நானும் நாற்காலிக் காலில் ஏதோ குறை கண்டுபிடித்தவள் போலக் குனிந்துகொண்டேன். இருப்பது ஒரு பட்டறை, இரண்டு பேர். இரண்டு பேரும் நடிப்பு.

என் வீட்டுக்காரர் தச்சர். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அவர் அறுத்து, இழைத்து, சேர்த்துக் கொடுப்பார். நான் தேய்த்துப் பளபளப்பாக்குவேன். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த ஏற்பாடு இது. மரத்தூள் எங்கள் வீட்டில் படாத இடமில்லை. சாப்பாட்டில் விழும், தலையணையில் கிடக்கும், அலமாரிக்குள் மடித்து வைத்த புடவையை உதறினால் பறக்கும். அதை நாங்கள் அழுக்கு என்று நினைத்ததே கிடையாது. அது எங்கள் வீட்டு மண் என்றுதான் இருந்தோம்.

நெஞ்சு டாக்டரம்மா அவரை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினார். கன்னம் இரண்டும் பந்து போல உப்பியும் உள்ளே இருந்த முள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"டீயே சக்கரை இல்லாமத்தான் குடிப்பேன் டாக்டர்."

"அப்போ மரம்தான்" என்றார் டாக்டரம்மா. "கண்ணுக்குத் தெரியற தூள் மூக்கோட நின்னுடும். தெரியாத தூள்தான் உள்ள போய் உக்காந்துக்குது. போனது போனதுதான், வெளிய வராது. இனிமே போகாம பாத்துக்கணும். ஒண்ணு மரத்தை விடுங்க, இல்ல தூசியை விடுங்க. மழைக்காலம் முடிஞ்சதும் மறுபடி ஊதிப் பாப்போம். இதுக்கும் கீழ இறங்கியிருந்தா பட்டறைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

வெளியே வந்ததும் அவர் சிரித்தார். "மரம் வேணுமாம், தூசி வேணாமாம். முள்ளில்லாத மீன் கேக்குறாங்க டாக்டரம்மா."

கழுவுற மீனில் நழுவுற மீன் என் வீட்டுக்காரர். எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பில் வழுக்கிப் போய்விடுவார். நான் முகமூடி வாங்கிக் கொடுத்தேன். அதைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தாடிக்குச் சட்டை போட்டது மாதிரி நாள் முழுக்கத் திரிந்தார். கேட்டால், கண்ணாடியில் ஆவி அடிக்கிறதாம், மரத்தின் வாசனை தெரியாமல் அறுக்க முடியவில்லையாம். எனக்கு வாய் நீளம், மறைப்பானேன். கத்தினேன், அழுதேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அவருடைய அண்ணன் நகரத்தில் மேஜை நாற்காலி விற்கும் பெரிய கடை வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். வந்து உட்கார், ஏசி இருக்கிறது, வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசினால் போதும் என்றார். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே இருந்ததெல்லாம் தூளைப் பசை போட்டு அழுத்திப் பலகையாக்கி, மேலே மரம் மாதிரி காகிதம் ஒட்டிய சாமான். என் வீட்டுக்காரர் ஒரு மேஜையின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். செத்த பிராணியைத் தொட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். அவரை அந்தக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் மூச்சு இருக்கும், ஆள் இருக்க மாட்டார் என்று எனக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. பட்டறையில் விட்டாலோ மூச்சே இருக்காது. இப்படி ஒரு இக்கட்டு என் எதிரிக்கும் வர வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் என் தம்பி வந்தான். பெரிய கட்டடங்களில் ஏசிக் காற்று போகிற தகரக் குழாய்களைச் செய்து மாட்டுவது அவன் தொழில். காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். எங்களிடம் ஏற்கெனவே ஒரு பழைய தூசி உறிஞ்சி இருந்தது. ஒரு விசிறி, அதன் தலையில் ஒரு துணிப் பை, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் பை தொப்பை மாதிரி உப்பும். தம்பி அதைப் போட்டுவிட்டு, பையை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினான். பையின் நெசவிலிருந்து ஒரு மெல்லிய புகை எழுந்து அவன் முகத்தை மூடியது.

"அக்கா, இது தூசி பிடிக்கிற மெஷின் இல்ல. பெருசைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, பொடிசை மட்டும் சலிச்சு மாமா மூக்குக்கு நேரா அனுப்புற மெஷின்."

"துணியைத் தடிமனாப் போட்டா?" என்றேன்.

"துணியே வேணாம். காத்தைச் சுத்த விடணும்." அவன் தரையில் சாக்கட்டியால் படம் வரைந்தான். மேலே ஒரு உருளை, கீழே அதோடு சேர்ந்த கூம்பு, கூம்பின் அடியில் ஒரு பெட்டி. "தூசிக் காத்து பக்கவாட்டுல, உருளையோட சுவரை உரசிக்கிட்டு உள்ள வரும். நேராப் போக வழியில்லாம சுத்தும். சுத்தினா தூசியெல்லாம் சுவர்ல போய் மோதும், மோதி வழுக்கிக் கூம்பு வழியா பெட்டிக்குள்ள விழும். நடுவுல ஒரு குழாய். சுத்தமான காத்து அது வழியா மேல ஏறி வெளிய போயிடும்."

"சல்லடையே இல்லாம சலிக்கப் போறியா மாப்ள?" என் வீட்டுக்காரர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டே கேட்டார்.

"மாமா, பஸ் வளைவுல வேகமாத் திரும்பினா நீங்க எங்க போய் விழுவீங்க?"

"பக்கத்துல இருக்கறவங்க மேல."

"அவங்க?"

"ஜன்னல் மேல."

"அவ்வளவுதான். தூசி பஸ்ல போகுது, காத்து பஸ் ஓட்டுது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் முதுகு வளைந்து, இழைப்புளியை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி என்னைப் பார்த்தான். மறுநாளே தகரத்தோடு வந்துவிட்டான்.

உருளை சுலபமாக முடிந்தது. கூம்பில் மாட்டிக்கொண்டான். தட்டையான தகரத்தில் என்ன வடிவம் வெட்டினால் சுருட்டும்போது சரியான கூம்பாக வரும் என்று போனில் கணக்குப் போட்டான், அழித்தான், மறுபடி போட்டான். ஒரு தகரத்தை வீணாக்கினான். நான் எட்டிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது குடைப் பாவாடைடா" என்றேன்.

இடுப்பு அளவு, அடிச் சுற்றளவு, உயரம். செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, ஒரு மூலையில் ஆணி அடித்து, நூலில் பென்சிலைக் கட்டி இரண்டு வளைவு போட்டேன். வெட்டிச் சுருட்டி அவன் தலையில் கவிழ்த்தேன். தோள் வரைக்கும் இறங்கியது. கூம்புக்குள்ளிருந்து அவன் "அக்கா, சரியா இருக்கு, எடு" என்று கத்தினான். பாவாடையைத் தலைகீழாக மாட்டிவிட்டால் இவர்களுடைய விஞ்ஞானம் முடிந்தது. உருளையின் ஒரு பக்கத்தில் மட்டும் தகரத்துக்குப் பதில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வளைத்து வைத்தான் தம்பி. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்றான்.

அதுவரை என் வீட்டுக்காரர் கிட்டே வரவில்லை. தகரத்தை வெட்டுகிற சத்தம் பல்லைக் கூச வைக்கிறது என்று வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் அடியில் வைப்பதற்கென்று தம்பி உருட்டி வந்த நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"இதையா என் பட்டறைக்குள்ள நிக்க வைக்கப் போறே?"

"தூசித் தொட்டி தானே மாமா."

"தச்சன் வீட்டுல தூசித் தொட்டியும் மரத்துலதான் இருக்கும்."

அதை எடுத்து வாசலில் வைத்துவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள். ஒரு குப்பைத் தொட்டிக்கு அந்த உழைப்பை நான் யாரிடமும் பார்த்ததில்லை. நல்ல தேக்கில் நாலு பக்கமும் சட்டம் போட்டு, சட்டத்தின் உள் விளிம்பில் பள்ளமாகக் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் பலகையைப் பசையில்லாமல் செருகினார். மூடிக்கும் அதே வேலை. மூலைகள் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்தன; தச்சர் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம். எத்தனையோ நாளுக்குப் பிறகு வேலை செய்கிறபோது அவர் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சுக்காக நின்றது என்றாலும் பாட்டுதான். எனக்கு மனசு நிறைந்துபோய், கேட்காமலேயே அந்தப் பெட்டிக்கு மூன்று கை பாலிஷ் போட்டேன். குப்பைத் தொட்டியில் முகம் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்த்த நாள் நல்ல வெயில். வெளியேறும் குழாயைத் தம்பி பின்சுவரில் துளை போட்டு வெளியே விட்டிருந்தான். என் வீட்டுக்காரர் ஒரு பெரிய பலகையைத் தேய்க்கும் இயந்திரத்தில் வைத்தார். தம்பி சுவிட்சைப் போட்டான்.

பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பழுப்புக் கோடு உள்ளே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் வளைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒரு கோடு பத்துக் கோடாகி, எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சரிந்து கூம்புக்குள் இறங்கின. "ஐயோ அம்மா!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். காற்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, என் ஆயுசு பூராவும் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறேன். அது இப்படி ஓடும், இப்படி வளையும் என்று தெரியாமலே. என் வீட்டுக்காரர் பலகையை விட்டுவிட்டு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஜன்னலின் நடுவில் மட்டும் ஏதோ கலங்கலாக மேலே ஏறுவது போல இருந்தது. அதையும் அழகு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பின்வாசலில் ஒரு அலறல் கேட்டது.

எங்களுக்குப் பின்னால் சலவைக் கடை. ஹோட்டல்களுக்கு வெள்ளை விரிப்பு துவைத்துக் கொடுக்கிறவர். அன்றைக்கென்று பார்த்து ஒரு மைதானம் அளவுக்கு உலர்த்தியிருந்தார். அவர் வந்து நின்றபோது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் பழுப்பு. தோளில் ஒரு விரிப்பு கிடந்தது, அதுவும் அதே நிறம்.

"யாருங்க உள்ள மாவு மில்லு வெச்சிருக்கீங்க?" என்றார்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் ஒரு கைப்பிடி சீவல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நடுக்குழாய் வழியாக ஏறி வெளியே போயிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. சலவைக்கடைக்காரருக்காகப் பின்கதவைத் திறந்ததில், வெளியே போன தூளில் பாதி காற்றோடு திரும்பி வந்தது. என் வீட்டுக்காரருக்கு அன்று வந்த இருமல் மாதிரி நான் கேட்டதில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டரம்மா கொடுத்திருந்த மூச்சு மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்துவதற்குள் அது இரண்டு முறை தவறியது. தம்பி சுவரோரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டான்.

இருமல் அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணனுக்குப் போன் போடு. கடைக்கு வரேன்னு சொல்லு."

அதில் சிரிப்பு இல்லை. வழுக்கல் இல்லை. இத்தனை நாள் எதற்காகக் கத்தினேனோ அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. எனக்கோ போனை எடுக்க மனம் வரவில்லை. "நாளைக்குப் போடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தம்பி குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தான். நுழைவாயில் சரி, விசிறி சரி, கூம்பு சரி. நடுக்குழாயின் நீளத்தைக் கூட்டினான், குறைத்தான். ஒவ்வொரு முறையும் சலவைக்கடைக்காரரிடம் போய், விரிப்பை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வந்து ஓட்டினான். ஒவ்வொரு முறையும் ஜன்னலின் நடுவே அந்தக் கலங்கல் ஏறியது. என் வீட்டுக்காரர் உளிகளைத் துடைத்து எண்ணெய் தடவி ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் எனக்கு முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தத் தேக்குப் பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். மடியில் பாலிஷ் துணி இருந்தது. பழைய துணி, ஓரமெல்லாம் பிரி பிரியாக நூல் தொங்கும்.

அதில் ஒரு நூல் எழுந்து நின்றது.

எழுந்து, பெட்டியை நோக்கி நீண்டு, பலகையும் சட்டமும் சேருகிற இடத்தில் நுனியைக் கொடுத்து, மெதுவாக உள்ளே போனது. யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரலை அங்கே வைத்தேன். சில்லென்று காற்று, உள்ளே இழுக்கிற காற்று. விரலை நகர்த்தினேன். பலகையைச் சுற்றி நாலு ஓரத்திலும் அதே சில்லிப்பு. காதை வைத்தால் கொசு பாடுவது மாதிரி ஒரு சத்தமும் கேட்டது.

"ஏங்க, இங்க வாங்க. இந்தப் பெட்டி ஏன் ஓரமெல்லாம் உறிஞ்சுது?"

"ஓரத்துல அரை நூல் இடம் விட்டிருக்கேன். பலகைன்னா அப்படித்தான்."

"இடம் எதுக்கு?"

"மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இறுக்கிப் பூட்டினா வெடிச்சிடும். கதவு, அலமாரி எல்லாத்துலயும் விடறதுதானே. மரம் மூச்சு விட வேணாமா?"

தம்பி விசிறியை நிறுத்தினான். வாயைத் திறந்தபடி வந்து பெட்டியின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். "மாமா, சுழல்ல நடுப்பக்கம் உறிஞ்சும். அந்த உறிஞ்சல் கூம்பு வழியா இந்தப் பெட்டி அடி வரைக்கும் இறங்கும். இங்க ஊசி நுழையற இடம் இருந்தாலும் வெளிக்காத்து உள்ள பூந்து, விழுந்த தூசியை நடுவுல தூக்கிட்டுப் போயிடும். நான் தகரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். பெட்டி நீங்க செஞ்சதாச்சேன்னு பாக்கவே இல்ல."

அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. என் நாக்கு எழுந்துவிட்டது.

"மரம் மூச்சு விட நாலு பக்கமும் இடம் வெச்சிருக்கீங்க. ஊரு பூராவும் எத்தனை கதவு, எத்தனை அலமாரி! ஒண்ணு விடாம மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. உங்க நெஞ்சுக்கு எங்கய்யா இடம் விட்டீங்க? நான் எங்க போய்த் தேடுவேன்?"

துணியால் முகத்தைத் துடைத்தேன், பாலிஷ் கண்ணில் பட்டு எரிந்தது. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலால் அந்த இடைவெளியை ஒரு ஓரம் முழுக்கத் தடவினார். தான் ஒழுங்காகச் செய்த வேலை, ஒரு குறை சொல்ல முடியாத வேலை. பசையைக் கொண்டு அடைக்கலாமா என்று தம்பி கேட்டான். "அடைச்சா வெடிக்கும்" என்றார். பொய்யில்லை. பிறகு எழுந்தார். வாசலுக்குப் போனார். நீல டிரம்மைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி உருட்டினார். நான் உதவிக்கு எழுந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டிரம்முக்கு ரப்பர் வளையம் வைத்த மூடி. மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்கினான் தம்பி. தேக்குப் பெட்டியை என் பாலிஷ் சாமான் வைக்க எடுத்துக்கொண்டேன். இவ்வளவு லட்சணமான பெட்டி யாருக்குக் கிடைக்கும்.

இந்த முறை சலவைக்கடைக்காரர் எங்களை நம்பத் தயாராக இல்லை. ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்து, பின்சுவர்க் குழாயின் வாய்க்கு நேராக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதுல ஒரு பொட்டு விழுந்தாலும் நாளையிலேருந்து நீங்கதான் துவைக்கணும்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

என் வீட்டுக்காரர் பலகையை வைத்தார். விசிறி இரைந்தது. நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டேன்.

பழுப்புக் கோடு பாய்ந்தது, வளைந்தது, ஓடியது. சுவரை விட்டு ஒரு துகள் பிரியவில்லை. கூம்புக்குள் இறங்க இறங்க வேகம் கூடி, முறுக்கிய கயிறு மாதிரி ஒன்றாகச் சேர்ந்து, துள்ளித் துள்ளிக் கீழே போனது. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்துத் தகரத்தில் தம்பி அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. துணி இல்லை, சல்லடை இல்லை, தடுக்க ஒரு கை இல்லை. காற்று தானாகச் சுற்றி, தன் சுமையைத் தானே இறக்கி வைத்துவிட்டு, வெறும் ஆளாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒன்றை யார் சொல்லிக் கொடுத்தது அதற்கு? எத்தனை காலமாகத் தெரிந்து வைத்திருக்கிறது? ஒரு குடைப் பாவாடையைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்தவுடன் செய்ய ஆரம்பித்துவிட்டதே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கோவிலில் கூட எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். விரிப்பு பாய்மரம் மாதிரி விம்மிக்கொண்டிருந்தது. சலவைக்கடைக்காரர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "காத்து மட்டும்தான் வருது" என்றார், ஏதோ ஏமாற்றப்பட்டவர் போல. பிறகு உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தவர்தான், கடையைத் திறந்து போட்டுவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றார்.

என் வீட்டுக்காரர் அன்று தேவையில்லாத பலகையையெல்லாம் தேய்த்தார். ஒரு பலகையை வைப்பார், ஓடிவந்து ஜன்னலைப் பார்ப்பார், மறுபடி போவார். "மாப்ள, இது தண்ணி போற மாதிரி இல்ல, நெருப்பு போற மாதிரியும் இல்ல" என்பார். வேறு எது மாதிரி என்று சொல்லத் தெரியாமல் கையை மட்டும் சுழற்றிக் காட்டுவார். தம்பிக்கு வாயெல்லாம் பல். சுற்றிக் கிடந்த கதவுகள், ஜன்னல் சட்டங்கள், ஒரு பழைய ஊஞ்சல் பலகை, ஒன்றையும் விடவில்லை. டாக்டரம்மாவின் குழாயில் முள் எங்கே போய் நிற்கும் என்று அந்த நாளில் யாரும் பேசவில்லை. எனக்கு அது நினைவில் வந்துகொண்டேதான் இருந்தது.

சாயங்காலம் தம்பி கிளம்பிப் போன பிறகு டிரம்மைத் திறந்தோம். யாரும் சொல்லாமலே அவர் முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் முந்தானையை மடித்து மூக்கில் கட்டிக்கொண்டேன். பட்டையைத் தளர்த்தி மூடியை எடுத்தார். இரண்டு பேரும் விளிம்பின் மேல் குனிந்தோம்.

அன்று முழுக்கத் தேய்ப்பு வேலை என்பதால் சீவலே இல்லை. எல்லாம் பொடி. முகத்துக்குப் பூசுகிற பவுடர் கூட அவ்வளவு மெல்லிசாக இருக்காது. மேற்பரப்பு ஒரு சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. நான் விரலை வைத்தேன். வைத்தது தெரியவில்லை, அவ்வளவு மெத்து. கொஞ்சம் சூடு இருந்தது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, கை தானாக இறங்கியது. மணிக்கட்டு போனது. வளையல் போனது. முழங்கை வரை போய்விட்டது, இன்னும் அடி தட்டவில்லை.

"ஒரு நாளா இது?" என்றார் அவர்.

நான் தலையசைத்தேன்.

அவர் நிமிர்ந்து பட்டறையைப் பார்த்தார். இழைப்பு மேஜை, உத்தரம், அந்த மூலையில் எப்போதும் நின்று வேலை செய்கிற இடம், தரையில் அவர் கால் தேய்ந்து பள்ளமான இரண்டு அடையாளம். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார். கல்யாணமான வருஷத்திலிருந்து இது தினமும் எங்கே போய்க்கொண்டிருந்தது என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் அதை விழுங்கினேன். வாய் நீளமானவளுக்கு விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நான் கேட்காமலே அது அவருக்குக் கேட்டுவிட்டது. ஒரு சிரிப்புக்காகக் காத்திருந்தேன். முள்ளில்லாத மீன் மாதிரி ஏதாவது ஒன்று சொல்வார் என்று.

அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் பொடிக்குள் இறங்கியது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் முழங்கைகளைச் சுற்றி அந்தப் பரப்பு மறுபடி சமமாகக் கூடிவிட்டது. அதற்குள் எங்கேயோ அவர் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. நான் இங்கே இருக்கிறேன் என்பதற்காக என் விரல்களை லேசாக அசைத்தேன்.